படியேறத் தயங்கும் கால்கள்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு வாயிலை அடையப் படிகள் பல ஏற வேண்டும். கரமனையில் வசிக்கும் என் தமக்கையார் அவற்றை நாள்தோறும் ஏறியவர். சென்ற ஆண்டு பாதிப் படியிலேயே நின்று இளைப்பாறலானார். தரையில் அமர்ந்தால் கையூன்றியே எழுந்தார். "வயதாகிவிட்டது" என்றார்; நாங்களும் நம்பினோம். கெண்டைக்கால் பிடிப்பு வந்து, இவ்வூர்ப் புழுக்கத்திலும் அவர் போர்வை கேட்ட பின்னரே மருத்துவரிடம் சென்றோம். குறை காலில் அன்று, கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் என்பதை இரத்தப் பரிசோதனை காட்டியது.

அச்சுரப்பி பெரும்பாலும் வெளியிடுவது தைராக்சின் என்னும் ஹார்மோன். 1914இல் அமெரிக்க அறிஞர் எட்வர்டு கெண்டால் அதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார். அதில் அயோடின் அணுக்கள் நான்கு உள்ளன. தசை முதலிய திசுக்களில் ஓர் அணு கழன்ற பின்பே அது முழு வீரியம் பெறுகிறது. பின்னர் உயிரணுவின் கருவை அடைந்து, சக்தியை ஆக்கும் மைட்டோகாண்டிரியா பெருகவும், சுருங்கிய தசை தளரும்படி கால்சியத்தை அகற்றும் புரதங்கள் உண்டாகவும் தூண்டுகிறது. இத்தூண்டுதல் குறைந்தால் தசை மெல்லச் சுருங்கி, மெல்லத் தளர்கிறது. சோர்வும் பிடிப்பும் அதன் விளைவுகளே.

அப்படியானால் ஹார்மோன் மிகுந்தால் வலிமை மிகுமோ? மிகாது. தசைப் புரதம் உருவாவதைவிட விரைவாக அழியும். தொடையும் தோளும் மெலியும். அகல் விளக்கின் திரியைத் தூண்டாவிடில் ஒளி மங்கும். அளவின்றித் தூண்டினால் எண்ணெய் தீர்ந்து திரியே கருகும். உடல் இளைக்க வேண்டுமென்று இம்மாத்திரையைத் தாமாகவே உண்போர் கொழுப்போடு தசையையும் இழக்கின்றனர், இதயத்தையும் வருத்துகின்றனர்.

சென்னை, மும்பை, தில்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், வயது வந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் தைராய்டுக் குறைபாடு காணப்பட்டது. ஆகவே இஃது அரிய நோயன்று.

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களே! ஊரிலுள்ள தாயாரோ தந்தையாரோ, "முன்போல் எழுந்து நடமாட முடியவில்லை" என்று தொலைபேசியில் சொன்னால், முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் இதனை அறிய ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். மருத்துவர் குறித்த அளவில் மருந்துண்டு, உரிய காலத்தில் மறுபரிசோதனை செய்துகொண்டால், தசை பெரும்பாலும் தேறிவிடும்; அதற்குச் சில மாதப் பொறுமை வேண்டும்.

என் தமக்கையார் மீண்டும் கோயிற் படி ஏறுகிறார். நாங்கள் வீணாக்கிய ஓராண்டை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.