காந்தம் ஒட்டாத மட்கார்டு

இந்த எபிசோட்ல துருவைப் பத்திப் பேசப் போறேன். பைக், ஸ்கூட்டர், செகண்ட் ஹேண்ட் கார்னு நீங்க எது வச்சிருந்தாலும் இது உங்க பாக்கெட்டைத் தொடற விஷயம். அதனால கொஞ்சம் கூடவே வாங்க.

எங்க குடும்பத்துல ஒரு 1951 மாடல் செவ்ரோலெட் பிக்கப் இருக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-லேர்ந்து 1954 வரைக்கும் பம்பாயில வண்டிகளைப் பூட்டி வித்துட்டு இருந்தாங்க. அந்தக் காலத்து வண்டி. ராசிபுரம் பக்கம் எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, குச்சிக்கிழங்கை சேகோ ஆலைக்கு ஏத்திட்டுப் போனது இதுலதான். அதுக்கப்புறம் முப்பது வருஷம் தோட்டத்துச் சாளையில நின்னுச்சு. இன்ஜினைக்கூட உசுப்பிட்டோம். ஆனா வாங்கிக்கலாம்னு பார்க்க வந்த ஒருத்தர், "மட்கார்டு பூராம் போச்சுங்க, எடைக்குத்தான் போடணும்"னு சொல்லிட்டார். வீட்டுல ரெண்டு கட்சி ஆகிப்போச்சு. பாதிப் பேர் எடைக்குப் போட்டுடலாம்னாங்க, மீதிப் பேர் வேண்டாம்னாங்க.

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, தெரிஞ்சவங்ககிட்ட காட்டிடலாம்னு நாமக்கல்லுக்குக் கொண்டுபோனேன். லாரி பாடி கட்டறதுல இந்தியா முழுக்க பேர் வாங்கின ஊரு அது. பக்கத்துல திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர் போனது, சங்ககிரி லாரிகளுக்கு. இந்த வட்டாரத்துல தகரத்தைப் பத்திக் கேக்க ஆளா இல்லை?

பட்டறையில அறுபதைத் தாண்டின ஒரு டிங்கர் மேஸ்திரி. அவர் முதல்ல எடுத்தது சுத்தியல் இல்லை, ஒரு சின்னக் காந்தம். மட்கார்டு மேல வச்சார், டப்புனு ஒட்டுச்சு. அப்படியே கீழ நகர்த்தி, கதவை ஒட்டி வர்ற அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். காந்தம் கீழ விழுந்துடுச்சு. "இங்க இரும்பே இல்ல தம்பி. வெறும் பட்டிதான்"னார்.

சுரண்டினா, விரல் தடிமனுக்கு பட்டி. அதுக்குப் பின்னாடி எண்ணெய் டின்னை வெட்டி ரிவிட் அடிச்ச தகடு. அதுக்கும் பின்னாடி கெட்டியா ஒரு மண் உருண்டை. கிழங்கு வயல் மண்ணாத்தான் இருக்கணும்!

இப்ப ஒரு கேள்வி வரும். சேலம், நாமக்கல் பக்கம் கடல் கிடையாது. வருஷத்துல பாதி நாள் காய்ஞ்சுதான் கிடக்கும். அப்புறம் எப்படி இவ்வளவு துரு? இரும்பு, தண்ணி, காத்துல இருக்கற ஆக்சிஜன், இந்த மூணும் சேர்ந்தாத் துரு. கூட உப்பு இருந்தா வேகம் கூடும். ஊரு எவ்வளவு மழை பெய்யுதுங்கறதைவிட, தண்ணி எங்க தங்குதுங்கறதுதான் முக்கியம். இந்த மட்கார்டோட அடியில, வெளித் தகரத்துக்கும் உள்ளே தாங்குற சட்டத்துக்கும் நடுவுல ஒரு பை மாதிரி இடம். டயர் வாரி அடிக்கற சேறு அங்க போய் உக்காந்துக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரம் போகாது. போதாததுக்கு, சாளையில வண்டிக்குப் பக்கத்துலயே கோழி எரு மூட்டை. ஈரமும் உப்பும் சேர்ந்த சரக்கு அது.

இன்னொண்ணு, துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால உள்ளேயிருந்து பட்டியைத் தள்ளும், பெயிண்ட் கொப்புளம் விடும், வெடிப்பு வழியா இன்னும் தண்ணி போகும். சேலத்துக்காரங்களுக்குக் கஞ்சமலை தெரியும். அங்க இருக்கற இரும்புத் தாது, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதான். உருக்கிப் பிரிச்சு எடுக்கற இரும்பு, இடம் கிடைச்சா மறுபடியும் ஆக்சிஜனோட சேரத்தான் பார்க்கும். அதைத் தடுத்துக்கிட்டே இருக்கறதுதான் நம்ம வேலை.

என் முன்னாடி மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, ஃபைபர்ல அச்சு எடுத்துப் போடறது. சீக்கிரம் முடியும், துருவும் பிடிக்காது. ஆனா நல்லா இருக்கற பழைய தகரத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடணும். ரெண்டாவது, நானே கேட்டது: "சேலம் உருக்காலையில எவர்சில்வர் தகடு பண்றாங்களே, அதை வச்சு ஒட்டலாமா?" மேஸ்திரி சிரிச்சார். எவர்சில்வர் தட்டத் தட்ட இறுகிக்கிட்டே போகும், இந்த வளைவுக்கு வராது. அதோட, சாதா இரும்பையும் அதையும் ஒட்டிட்டு நடுவுல ஈரம் பட்டா, சாதா இரும்புதான் இன்னும் வேகமா அரிக்கும். மூணாவது வழி, அதே மாதிரி சாதா தகரம். பட்டி மட்டும்னா மூணு நாள். தகரம்னா மூணு வாரம். நான் மூணு வாரம்னு சொன்னேன்.

முதல்ல அட்டையில அச்சு எடுத்தார். எதிர்ப்பக்க மட்கார்டுல அந்த இடம் நல்லா இருந்துச்சு. அந்த அட்டையைத் திருப்பிப் போட்டா இந்தப் பக்கத்து வடிவம். அப்புறம் வெட்டு. ஓட்டை இருந்தது உள்ளங்கை அளவு, வெட்டினது அதைப்போல மூணு மடங்கு. பளபளன்னு நல்ல இரும்பு தெரியற வரைக்கும் அவர் நிறுத்தலை. பதினெட்டு கேஜ் தகரம், சுமார் 1.2 மில்லிமீட்டர். மணல் மூட்டை மேல வச்சு மரச் சுத்தியால தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்தார்.

ஒட்டும்போது ஒண்ணு மேல ஒண்ணு வைக்கலை. ஓரத்தோட ஓரம் சேர்த்துதான் வெல்டிங். மேல வச்சு ஒட்டினா நடுவுல சந்து விழும், தண்ணி அங்க தங்கும். ஒரே கோடா இழுத்தா சூட்டுல தகரம் நெளிஞ்சிடும். அதனால இங்க ஒரு புள்ளி, ஆறவிட்டு அந்தக் கடைசியில ஒரு புள்ளி. பின்னாடி டாலியைக் கொடுத்து முன்னாடி சுத்தியால தட்டினா, சுருங்கின இடம் மெல்ல நீண்டு கொடுக்கும். கடைசியில பட்டியும் போட்டார், மெல்லிசா, பிரைமருக்கு மேல.

அப்புறம் அந்தப் பைக்கு அடியில ரெண்டு ஓட்டை போட்டார். "ஒரிஜினல்ல இது இல்லைங்களே?"ன்னேன். "இருந்திருந்தா நீ எங்கிட்ட வந்திருக்க மாட்டே"ன்னார்.

இந்த வளைவைக் கையால தட்டத் தெரிஞ்சவர் அந்தப் பட்டறையில அவர் ஒருத்தர்தான். இப்போ புது லாரிகள் கம்பெனி கேபினோடவே வருது, ஏசியும் கட்டாயமாயிடுச்சு. அடிபட்ட பாகத்தைக் கழட்டி வீசிட்டு புதுசு மாட்டறதுதான் வேலை. அவர் பையன் ஓசூர்ல சிஎன்சி மெஷின் ஓட்டறான். தப்பே இல்லை, சம்பளம் நல்லா வருது. ஆனா பாகம் கிடைக்காத வண்டிக்கு நாளைக்கு யார்? அதனால அவர் சம்மதத்தோட மூணு வாரமும் போன்ல வீடியோ எடுத்து வச்சிருக்கேன். "கை முகத்தை விட நல்லாத் தெரியணும்"னு மட்டும் சொன்னார்.

நீங்க செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. மழைக்காலம் முடிஞ்சதும் வண்டி கழுவும்போது மட்கார்டோட உள்பக்கமும் தண்ணி அடிங்க. கார் கதவுக்கு அடியில சின்ன ஓட்டைகள் இருக்கும், அடைச்சிருந்தா ஒரு குச்சியால குத்தி விடுங்க. பழைய வண்டி வாங்கப் போனா, மெல்லிசான ஃபிரிட்ஜ் காந்தம் ஒண்ணு பையில இருக்கட்டும்.

எங்க பிக்கப்புக்கு இன்னும் பின்பக்க மட்கார்டு ரெண்டு பாக்கி. எடைக்குப் போடற பேச்சு மட்டும் வீட்டுல நின்னுடுச்சு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.