தாத்தா செட் இன்னும் பேசவில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



செஞ்சிக்கு எல்லாரும் கோட்டை பார்க்கத்தான் வருகிறார்கள். என் வீட்டிலிருக்கும் 43 பழைய ரேடியோக்களை யார் பார்ப்பார் என்றுதான் நானும் இருந்தேன். உத்தரப் பிரதேசத்து அம்ரோஹா மாவட்டத்தில் ராம் சிங் பௌத் என்பவர் 1,000-க்கும் மேற்பட்ட ரேடியோக்களைச் சேர்த்து, அருங்காட்சியகம் வைத்து, கின்னஸ் சாதனையாளரும் ஆனார் என்று படித்த பிறகுதான் துணிச்சல் வந்தது. 'காயலான் கடை' என்று திட்டிக்கொண்டிருந்த அம்மாவும் முன்னறையை விட்டுக்கொடுத்தார்.

முதல் செட் தாத்தாவுடையது. தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகமும் கூடவே இருக்கிறது. (சிரிக்காதீர்கள், 1980கள் வரை ரேடியோவுக்கும் லைசென்ஸ் உண்டு!) ஆசை அவசரத்தில் அதை நேரே பிளக்கில் சொருகினேன். ஃபில்டர் கண்டென்சர் ஷார்ட்டாகி டிரான்ஸ்பார்மர் கருகிப்போச்சு. பி.இ. படித்தவன் செய்கிற வேலையா இது?

திண்டிவனத்து மெக்கானிக் பெரியவர் ஒருவர்தான், "தம்பி, முதல்ல சீரிஸ் பல்பு போட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இவ்வளவுதான் விஷயம், எந்தப் பரீட்சையிலும் இதை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. ரீவைண்டிங்கை அவரிடம் கற்றுவருகிறேன். தாத்தா செட் இன்னும் பேசவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் இரண்டு பேராவது ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.