யந்திரத்தில் ஏறிய மூட்டை மலை ஏறியதா?

(கொல்லிமலை செம்மேட்டில், விவசாயத் தொழிலாளர் மத்தியில் பேசியதன் சுருக்கம்)



ரேஷன் கடை யந்திரம் அரிசி இருப்பதாகக் காட்டுகிறது. கடைக்குள் மூட்டை இல்லை. இப்படி நேர்ந்தால், “நம் தலையெழுத்து” என்று வெறும் பையோடு வீடு திரும்பலாமா? கூடாது. இதில் மந்திரம் ஏதுமில்லை. நாலாம் வகுப்புக் கழித்தல் கணக்குத்தான்.

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டபோது கணக்கெல்லாம் பேரேட்டில் இருந்தது. இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. 2017 முதல் ஸ்மார்ட் கார்டும் வந்துவிட்டது. ஆனாலும் முறை ஒன்றுதான்: கடைக்கு வேண்டியது எவ்வளவு? கையிருப்பு எவ்வளவு? கழித்து மீதியை அனுப்பு!

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கடையில் அந்தியோதயா அட்டைகள் 100. அட்டைக்கு 35 கிலோ. ஆக 3,500 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 70. கையிருப்பு 10 மூட்டை என்று கம்ப்யூட்டர் சொன்னால், 60 மூட்டைதான் ஒதுக்கீடாகும். அந்தப் பத்து மூட்டை உண்மையில் இல்லையென்றால்? 85 குடும்பங்களுக்கு முழு அரிசி. மீதி 15 குடும்பங்களுக்கும் சேர்த்து 25 கிலோ! பதிவைத் திருத்தாவிட்டால் அந்தப் பொய் இருப்பு அடுத்த மாதமும் தொடரும்.

எங்கே தொலைந்தது? கிடங்கிலா, லாரியிலா, கடையிலா? ஏற்றியது எத்தனை, இறக்கியது எத்தனை என்று எண்ணி, எடை போட்டு, அதன்பிறகே “வந்தது” என்று பதியவேண்டும். எண்ணாமல் பதிந்தால் விற்பனையாளரும் மாட்டிக்கொள்வார். அவரும் சம்பளக்காரர்தான், அவரோடு சண்டை வேண்டாம், சேர்ந்து நின்று எண்ணுங்கள்.

இன்னொன்று. பஞ்சுக் கிடங்கில் முதலில் வந்த பேல் முதலில் வெளியே போகவேண்டும் என்பது ஆலைத் தோழர்களுக்குத் தெரியும். அரிசிக்கும் அதே விதி. எந்த அடுக்கிலிருந்து எடுப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லலாம். எடுப்பவர் சுமை தூக்கும் தோழர். அவசரப்படுத்தி, முன்னால் கிடக்கும் புது மூட்டையை ஏற்றச் சொன்னால், பின்னால் கிடக்கும் பழையது வண்டு விழுந்து, பிறகொரு நாள் நம் தலையில் வந்து விடியும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததைத் திருப்பியனுப்புவது லேசான காரியமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்தது. ரேஷன் பதிவேடுகளை மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கவேண்டும் என்கிறது அதன் 27-வது பிரிவு. கடை தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும், அதில் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது 29-வது பிரிவு.

ஆகவே லாரி வரும் நாளில் ஊருக்கு இருவர் கடைக்குப் போங்கள். ஒதுக்கீடு, ஏற்றியது, இறக்கியது ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தால், அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உடன் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.