ஏட்டின் உரிமை எவருக்கு?



நமக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் 1925இல் பெரியார் தொடங்கிய ‘குடிஅரசு’ ஏட்டில் வந்த அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முற்பட்டது. பதிப்புரிமை தனதெனப் பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. உரிமை கைமாறியதற்குச் சான்றில்லையெனக் கண்டு, 2009இல் நீதிபதி சந்துரு தடைவிதிக்க மறுத்தார். 2010இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதிசெய்தது. இருபுறமும் பெரியார் தொண்டர்களே நின்றது வருத்தந்தான். எனினும் எழுத்து மக்களிடம் வந்தது.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கோ, மறைவுக்குப் பிந்தைய 60 ஆண்டு உரிமைக்காலம் 2016உடன் முடிந்தது. இனி எவரும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். பிறருடைய மொழிபெயர்ப்பை எடுத்தாள மட்டும் இசைவு வேண்டும். 1936இல் அவர் வெளியிட்ட சாதி ஒழிப்பு உரையை நம் இளைஞரே தமிழாக்கி ஏற்றலாகாதா? இருவர் முன்வருக, ஆங்கில மூலத்தை நான் தருகிறேன்.