செயற்கைக்கோளும் நம் ஊர்க் காடும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



காடு அழிந்தால் ஊற்று வற்றும். மண் கரைந்து ஏரியில் படியும். இதனை உங்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. எனினும், காடு எங்கே, எவ்வளவு குறைந்தது என்பதை நெடுங்காலம் எவராலும் சரிவரக் கணக்கிட இயலவில்லை. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்கா முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவிய பின்னரே இக்குறை நீங்கத் தொடங்கிற்று. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் 1988-இல் விண்ணேறியது.

அது காடு எதுவென அறிவது எவ்வாறு? பசிய இலை, கதிரவன் ஒளியில் சிவப்பைப் பெரிதும் உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. வெறும் மண் அவ்வாறு செய்வதில்லை. இவ்வேறுபாட்டைக் கருவி பதிவு செய்கிறது. ஒரே இடத்தின் இரு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டால், மரம் வீழ்ந்த இடம் தெரிந்துவிடும்.

இத்துறையில் பிரேசில் நாடு முன்னோடியாகும். அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிலையம் 1988 முதல் அமேசான் காட்டின் அழிவை ஆண்டுதோறும் கணக்கிட்டு வருகிறது. 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு அழிந்தது. அவ்வாண்டு முதல், புதிய வெட்டுகளை உடனுக்குடன் அறிவிக்கும் ஏற்பாடும் வந்தது. அதிகாரிகள் அவ்விடங்களுக்கு விரைந்தனர். புதிய காப்புக் காடுகளும் வகுக்கப்பட்டன. 2012-இல் அழிவு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. பின்னர் நடவடிக்கை தளர்ந்தது. 2021-இல் மீண்டும் 13,000-ஐக் கடந்தது. செயற்கைக்கோள்கள் அப்பொழுதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. படம் தானே காட்டைக் காவாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில் இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வன நிலை அறிக்கை வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தழைக்கவிப்பு 10 விழுக்காடு இருப்பின், அது எவருடைய நிலமாயினும், எவ்வகை மரமாயினும், வனப்பரப்பு என்றே எண்ணப்படும். தென்னந்தோப்பும் இதில் அடங்கும். ஆகவே, ஒரு மலைச்சரிவில் பழங்காடு அழிந்து, வேறிடத்தில் தைலமரத் தோட்டம் எழுந்தால், மொத்தக் கணக்கில் இழப்பே தோன்றாமற் போகலாம். சீமைக் கருவேல் மண்டித் தூர்ந்த ஏரியும் படத்தில் பச்சையாகவே தெரியும். அந்தப் பச்சையால் நம் பாசனம் பெருகுமா?

எனவே நாம் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவதாக, இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் நம் பகுதியின் படங்களைப் பாருங்கள். வெவ்வேறு ஆண்டுப் படங்களை ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களையே கொள்ளுங்கள். இலையுதிர் காடு கோடையில் மொட்டையாகத் தோன்றும். அதைக் கண்டு காடு அழிந்ததென மயங்கலாகாது.

இரண்டாவதாக, மாற்றம் தென்பட்ட இடத்திற்கு நேரில் செல்லுங்கள். ஆடு மேய்ப்போரையும் விறகு பொறுக்கும் தாய்மாரையும் கேளுங்கள். புல எண், மரவகை, மாற்றத்தின் காரணம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

மூன்றாவதாக, அக்குறிப்பைக் கிராம சபையில் படித்துத் தீர்மானம் இயற்றுங்கள். காப்புக்காட்டில் வெட்டு நேர்ந்திருப்பின் கிராம சபை கூடும்வரை காத்திராமல் வனச்சரக அலுவலருக்கு அறிவியுங்கள்.

பச்சை இருக்கிறதா என்பதை வானிலிருந்து அறியலாம். அது எந்த மரம், ஏன் போயிற்று என்பதைச் சொல்லவேண்டியவர்கள் நீங்களே.