தண்ணீர்பள்ளியில் ஒரு மாலை நேரம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தவக்காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் திருப்பயணப் பேச்சும் தொடங்கிவிடும். வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி என்று ஊர்ப் பெயர்களை அடுக்குவோம். வேன் வாடகை எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். இந்த முறை மண்ணூர்பேட்டையிலிருந்து நாங்கள் கிளம்பியது அந்த இடங்களுக்கு அல்ல. குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் தண்ணீர்பள்ளி என்று ஒரு சிற்றூர். அங்கே இருக்கும் சச்சிதானந்த ஆசிரமத்துக்கு, சாந்திவனம் என்று எல்லாரும் அழைக்கும் அந்தத் துறவு மடத்துக்குப் போனோம்.

போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் கோவிலுக்குப் புதிய பீடம் அமைக்க வேண்டும் என்று பங்குப்பேரவையில் ஓராண்டாகப் பேச்சு. பீடத்துக்குப் பின்னால் தேக்கில் வேலைப்பாடு வேண்டும் என்கிறார்கள் சிலர். தங்க முலாம் பூச வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். எஸ்டேட்டில் ஷிப்டு ஷிப்டாக உழைத்துச் சேர்த்த காசை மக்கள் நன்கொடையாகத் தருகிறார்கள், ஆகவே செய்வதைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்பது எல்லாருடைய எண்ணம். சாந்திவனத்துக் கோவில் வேலைப்பாடு மிக்கது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருவர் சொன்னார். அளவெடுக்கும் டேப்கூட வேனில் வந்தது!

இரவு முழுக்கப் பயணம். விடியற்காலையில் போய் இறங்கினோம். தென்னையும் மாவுமாகத் தோப்பு, அதற்குள் சிறு சிறு குடில்கள், ஒரு மாட்டுத் தொழுவம். நுழைவாயிலில் சிறிய கோபுரம். அதன் மேல் மூன்று முகங்கள் கொண்ட ஓர் உருவம். எங்களோடு வந்த வயதான உபதேசியார் செருப்பைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "சாமி, இது நம்ம கோவில்தானா?" என்று காதருகே வந்து கேட்டார்.

நம்ம கோவில்தான். அந்த மூன்று முகங்கள் தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு இறைவனைக் குறிக்கின்றன. சத், சித், ஆனந்தம் என்று நம் நாட்டு ஞானிகள் பரம்பொருளைச் சொன்ன சொல்லையே மூவொரு கடவுளைக் குறிக்க இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இறையியல் படித்தவர்களுக்கு அந்த உருவம் சற்று இடறும் என்பதையும் சொல்ல வேண்டும். மூவொரு இறைவனை மூன்று முகங்களோடு வரைய வேண்டாம் என்று 1628-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை எட்டாம் உர்பான் தடுத்திருக்கிறார். எங்களுக்கும் அந்த உருவத்தின் முன்னால் முழு நிம்மதி இல்லை. ஆனால் உபதேசியாரின் கேள்விக்கு அங்கே நின்றபடி வாதம் செய்வது சரியாகப் படவில்லை. உள்ளே போவோம் என்றோம்.

கோவிலுக்கு மேலே எழும் விமானம்தான் எல்லாரையும் நிறுத்தியது. வண்ண வண்ணச் சுதைச் சிற்பங்கள். அடியில் திருவெளிப்பாடு நூல் நான்காம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிற நான்கு உயிர்கள்: சிங்கம், காளை, மனிதன், கழுகு. அவற்றுக்கு மேல் புனிதர்கள். அதற்கும் மேல் அரியணையில் வீற்றிருக்கும் கிறிஸ்து. உச்சியில் கலசம். எங்கள் இளைஞர்கள் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். பேரவை உறுப்பினர் ஒருவர், "ஃபாதர், இந்தக் கழுகு மாதிரி நம்ம வாசக மேடைக்கு ஒண்ணு செய்யலாம்" என்றார். அளவு டேப் வெளியே வந்தது.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிட்டுத் தொடர்கிறோம். இந்த மடத்தை 1950-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று பிரான்சு நாட்டுக் குருக்கள் இருவர் தொடங்கினார்கள். ஒருவர் ஜூல்ஸ் மோன்ஷனன். லியோன் மறைமாவட்டத்துக் குரு. 1939-இல் இந்தியா வந்து, குளித்தலை வட்டாரக் கிராமங்களில் ஏழை மக்களுக்குப் பங்குப்பணி செய்தவர். மற்றவர் ஆன்றி லெ சோ என்னும் பெனடிக்ட் சபைத் துறவி. அபிஷிக்தானந்தர் என்ற பெயரால் உலகம் அவரை அறியும். காவி உடுத்தி, தரையில் அமர்ந்து, மரக்கறி உண்டு, இந்த மண்ணின் துறவிகளைப் போல வாழ்ந்து இறைவனைத் தேட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அன்றைக்கு இருந்தவை எளிய குடில்கள்.

நம் கணக்குப்படி பார்த்தால் அவர்கள் தோற்றுப்போனவர்கள். மோன்ஷனன் உயிரோடிருந்தவரை நிலையாகத் தங்கிய இந்தியத் துறவி ஒருவர்கூடச் சேரவில்லை. 1957-இல் நோயுற்றுப் பாரீசுக்குக் கொண்டுபோகப்பட்டார், அங்கேயே இறந்தார். லெ சோ 1968-இல் இமயமலைப் பக்கம் போய்விட்டார். அதே ஆண்டில், கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து பொறுப்பேற்றார். அதன் பிறகு உலகின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1993-இல் அவர் இறந்தார். அவர் கல்லறை கோவிலை ஒட்டி இருக்கிறது. இப்போது இந்த மடம் பெனடிக்டைன் குடும்பத்தின் கமால்டோலி சபையைச் சேர்ந்தது.

எதிர்ப்பும் வந்தது. கத்தோலிக்கரில் சிலர் இது என்ன கலப்படம் என்றார்கள். இந்துக்களில் சிலர் எங்கள் அடையாளங்களை ஏன் எடுக்கிறீர்கள் என்றார்கள். இரு தரப்பாரின் மனக்கசப்பிலும் நியாயம் உண்டு. அங்கே காலைச் செபத்தில் நெற்றிக்குச் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு தருகிறார்கள். எங்கள் குழுவில் பாதிப்பேர் பூசிக்கொண்டார்கள், பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தவும் கூடாது.

அதே நேரத்தில், நாமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கொடியேற்றம் யாருடைய வழக்கம்? தேர் யாருடையது? வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறோமே? கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகத்தானே நிறுத்தினார்? தரையில் அமர்ந்து திருப்பலி காண்பதற்கும் ஆரத்தி எடுப்பதற்கும் 1969-லேயே உரோமை அனுமதி தந்துவிட்டது. நம் பங்குத் திருவிழாவில் குத்துவிளக்கு ஏற்றும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. பழகியதை நம்முடையது என்கிறோம், பழகாததை அயலாருடையது என்கிறோம்.

விமானத்தைப் படம் எடுத்து முடித்துக் கோவிலுக்குள் போனோம். முன்மண்டபம் திறந்த வெளிபோல இருக்கிறது. காற்று வருகிறது, காக்கை வருகிறது. தரையில் பாய். அதற்கு அப்பால் கருவறை. அங்கே எந்த வேலைப்பாடும் கண்ணில் படவில்லை. இருட்டு. அந்த இருட்டில் நற்கருணைப் பேழை, எரியும் எண்ணெய் விளக்கு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கண் பழகவே நேரம் பிடிக்கிறது.

நம் ஊர்ப் பழைய கோவில்கள் எல்லாமே இப்படித்தான். வெளியே கோபுரத்தில் ஆயிரம் உருவம், ஆயிரம் வண்ணம். உள்ளே போகப்போக வெளிச்சம் குறையும், உருவம் குறையும், பேச்சும் குறையும். எருசலேம் கோவிலும் அப்படித்தான் இருந்தது. சாலமோன் கேதுரு மரத்தையும் பொன்னையும் கொட்டிக் கட்டினார். கட்டி முடித்த அன்று, வானங்களும் கொள்ளாத உம்மை இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்ற பொருள்பட மன்றாடினார் என்று அரசர்கள் முதல் நூல் எட்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கோவிலின் திருத்தூயகத்தில் கார்மேகம்தான் நிறைந்திருந்தது.

வேலைப்பாட்டைக் குறை சொல்ல வரவில்லை. அது நம்மை வாசல்வரை கூட்டிவருகிறது. கூட்டிவந்த பிறகு நாம் வாசலிலேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால், அதற்குச் சிற்பி என்ன செய்வார்?

இனி, இந்த உரைக்குக் காரணமான நிகழ்ச்சி. எங்கள் குழுவில் ஒரு தாய் வந்திருந்தார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஒரே மகன் வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும்போது சாலை விபத்தில் இறந்துபோனான். இருபத்து நான்கு வயது. அதற்குப் பிறகு அவர் ஞாயிறு திருப்பலிக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார், நற்கருணை வாங்காமல் போய்விடுவார். திருப்பயணத்துக்கு அவர் பெயர் கொடுத்ததே எங்களுக்கு வியப்பு.

சாந்திவனத்தில் சூரியன் எழும்போது ஒரு மணி நேரம், மறையும்போது ஒரு மணி நேரம் மௌனத் தியானம். மாலையில் பலர் காவிரிக்குப் போனார்கள். ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். குழந்தைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரும்பாடு. பாடல்குழுத் தலைவி பத்தாவது நிமிடத்தில் ஒரு பாட்டுப் பாடலாமா என்று சைகையில் கேட்டார்! அந்தத் தாய் ஆற்றுக்குப் போகவில்லை. கருவறைக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்தவர், மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வேனில் ஏறும்போது சொன்னார்: "சாமி, அங்க யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. அதான் நல்லா இருந்துச்சு." சற்றுப் பொறுத்து, "கடவுள் தோட்டத்துல நல்ல பூவைத்தான் முதல்ல பறிப்பாருன்னு நாப்பது பேர் சொல்லிட்டாங்க சாமி. நீங்களும்தான் சொன்னீங்க" என்றார்.

ஆம். அடக்கத் திருப்பலியில், ஒலிபெருக்கியில், பங்குத்தந்தையாகிய நாமேதான் அந்தப் பூக்கதையைச் சொன்னோம். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னோம். வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்லிவிட்டு மறுபடியும் சொன்னோம். குருக்களாகிய நாங்கள் பேசப் பழகியவர்கள். எட்டு ஆண்டு, பத்து ஆண்டு குருமடத்தில் எதற்கும் பதில் சொல்லப் படித்துவிட்டு வருகிறோம். ஒரு தாய் கேள்வியே கேட்காமல் அழுதுகொண்டிருக்கும்போதும் பதில் சொல்லிவிடுகிறோம்.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வந்ததும் ஏழு பகல், ஏழு இரவு அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள், முப்பது அதிகாரத்துக்கு மேல் வாதம் நீண்டது. கடைசியில் ஆண்டவர் அவர்களைத்தான் கண்டித்தார்.

திரும்பிவரும் வழியில் வேனில் பாட்டு இல்லை. ஓட்டுநர் தூங்கிவிடுவாரோ என்று பயந்து யாரோ மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலின் 52-ஆம் அதிகாரம் செபக்கூடத்தைப் பற்றியது. மிகச் சிறிய அதிகாரம். செபக்கூடம் அதன் பெயருக்கு ஏற்றபடியே இருக்க வேண்டும், அங்கே வேறெதையும் செய்யவோ வைக்கவோ கூடாது, பொதுச்செபம் முடிந்த பின் தனியாக இருந்து மன்றாட விரும்புகிறவருக்கு மற்றவர்கள் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பதே அதன் கருத்து. குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தோம். இப்போது மறுபடியும் எடுத்துப் படித்தோம். எங்கள் கோவிலில் திருப்பலி முடிந்த மறுநிமிடம் அறிவிப்பு, அதன் பின் பாடல் பயிற்சி, அதன் பின் நாற்காலி அடுக்கும் சத்தம். வெளியே சி.டி.எச். சாலையில் வண்டிச் சத்தம் வேறு. அதை நம்மால் நிறுத்த முடியாது. நாற்காலியை மெதுவாக அடுக்க முடியும்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் பீடத்தைப் பற்றி மறுபடியும் பேசினோம். பீடம் அமைக்கத்தான் போகிறோம், தேக்கில்தான். மக்கள் ஆசைப்பட்டுத் தரும் காசு அது, ஆண்டவருடைய மேசை அழகாக இருப்பதில் தவறில்லை. தங்க முலாம் வேண்டாம் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள், ஒரு சிலருக்கு அதில் வருத்தம்தான். கழுகு வருகிறது. உபதேசியார் மட்டும் கடைசியில் எழுந்து, நற்கருணைப் பேழைக்கு அருகே இருக்கும் வண்ண சீரியல் பல்புகளை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் முடிவானது. வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை கோவில் திறந்திருக்கும். மைக் இருக்காது, பாட்டு இருக்காது, மறையுரையும் இருக்காது. பேழையருகே விளக்கு மட்டும் எரியும். பங்குத்தந்தையும் கடைசி வரிசையில் ஒருவராக உட்கார்ந்திருப்பார். முதல் வெள்ளியன்று பதினொரு பேர் வந்தார்கள். அந்தத் தாயும் வந்தார். எப்போதும் நிற்கும் இடத்தைத் தாண்டி, நடுவில் ஒரு தூண் இருக்கிறதே, அதுவரை வந்து தரையில் உட்கார்ந்தார். மணி ஏழானதும் எழுந்து, யாரிடமும் ஒன்றும் பேசாமல், பக்க வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.