ஆறிப்போன புண்ணையும் சோதிக்கணும்

பால்வினை நோய்னு சொன்னதுமே 'இது நமக்கில்லை'ன்னு எழுந்து போக நினைக்கிறவங்க கொஞ்சம் இருங்க. முக்கியமா உங்களுக்காகத்தான் பேசுறேன்.

மேகப்புண், வெட்டை என்று நம் பெரியவர்கள் சொன்ன நோய்கள்தான் இவை. புதிதாக ஒன்றும் இல்லை. மேகப்புண்ணையே, அதாவது சிபிலிஸையே எடுத்துக்கோங்க. நோய் தொற்றிச் சுமார் 3 வாரத்தில் பிறப்புறுப்பில் ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆளை ஏமாற்றுவது இதுதான். ஆறியது புண் மட்டுமே. கிருமி உடம்புக்குள் இருக்கிறது. பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம்; அதுவும் மறையும். பல ஆண்டு கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும். இத்தனைக்கும் பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் இது! மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவினால் போகாது.

பெண்களுக்கு வெட்டை, கிளமிடியா போன்றவை பல நேரம் அறிகுறியே காட்டுவதில்லை. சத்தமில்லாமல் கருக்குழாயைக் கெடுத்துவிடும். பிள்ளை இல்லை என்ற பழி அப்புறம் யார் தலையில் விழும்னு நான் சொல்ல வேண்டாம்.

எச்.ஐ.வி.யும் அப்படித்தான், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டறிந்தது ரத்தப் பரிசோதனையில்தான்.

சரி, எங்கே போவது? ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சுகவாழ்வு மையத்தைக் கேளுங்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டுமே இலவசம். வடசேரியில் பஸ் ஏறினாலே "எங்க போறீங்க?"ன்னு கேட்கிற ஊர் நம்ம ஊர். யாராவது பார்த்துடுவாங்களோன்னு தோணினா திருநெல்வேலிக்குப் போங்க, தப்பில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. முதலில் போனில் பேசணும்னா 1097, கட்டணம் கிடையாது.

தொற்றிய உடனே எடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரியாமல் போகலாம், 3 மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஆணுறையை ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் ஆபத்து வெகுவாகக் குறையும். மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசியும் உண்டு.

கணவர் மட்டும் மருந்து சாப்பிட்டுவிட்டு மனைவியிடம் மறைத்தால், அவரிடமிருந்தே நோய் திரும்ப வரும். இருவரும் சேர்ந்தே வாங்க. கடலுக்கோ வளைகுடாவுக்கோ திரும்பிப் போற நாள் இருந்தா அதை ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லிடுங்க. ஊசியும் மறுபரிசோதனையும் அதற்குத் தகுந்தபடி தேதி போட்டுத் தருவாங்க.